நாலாவது காலுக்குச் சொந்தக்காரி

ஒருவர் மனமுவந்து நம் கையில் வைக்க வரும் பணத்தை, அவர் முகம் வாடாமல் வேண்டாம் என்று சொல்வது எப்படி?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. நான் செய்து பார்த்த முறை சரியில்லை என்பது மட்டும் தெரியும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன், மிட்டாய் எடுத்த பிள்ளை மாதிரி.

பதுளையில் எங்கள் வீட்டுப் பின்வாசல். தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மாரியாயி அக்கா குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அவர் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நானும் அவரும் கூட்டாக ஒரு பசு வைத்திருந்தோம். முதல் என்னுடையது, உழைப்பு அவருடையது.

"புடிங்க தங்கச்சி."

"வாணாம் அக்கா."

"கொறையுதுங்களா?"

"கொறயல்ல. சரியாத்தான் ஈக்கி. ஒவ்வொரு மாசமும் சரியாவே ஈக்கி. அதுதான் எனக்குப் பயமா ஈக்கி."

மாரியாயி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கணவரின் தாயான மாமியைப் பார்த்தார். இந்த வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று யோசிப்பது தெரிந்தது.

"அவட மண்டைக்குள்ள ஒரு மதரஸா ஈக்கி புள்ள," என்றார் மாமி. "நெனச்ச நேரத்துக்கு மணி அடிக்கும். நீங்க இரிங்கொ, தேத்தண்ணி குடிங்கொ."

போன கிழமை மகளின் காய்ச்சலைப் பற்றி நான் இந்தப் பத்திரிகையில் எழுதியதில் மாமியின் கஷாயத்தைக் குறை சொல்லிவிட்டேனாம். அந்தக் கோபத்தில் இந்தக் கிழமை தன்னைப் பற்றி ஒரு வரியும் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். மன்னிக்க வேண்டும் மாமி. நீங்கள் இல்லாமல் இந்த மாட்டின் கதை நடக்காது.

சேலைகளுக்கு நடுவில்

பண்டாரவளையில் என் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அவர் மௌத்தான பிறகு கடையை விற்று, பெண்பிள்ளைக்குரிய பங்கை எனக்குத் தந்தார்கள். பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் என் பெயருக்கு என்று வந்த முதல் பணம் அது. என் கணவருக்குப் பதுளை கடைவீதியில் புடைவைக்கடை. அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "ஸித்தி, அது உங்கட சல்லி. கடைக்குள்ள அது வர வாணாம். மகளுக்கு வெச்சுக்கொள்ளுங்கொ."

அலமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். வைத்ததும் கவலை தொடங்கியது. சும்மா கிடக்கிற பணத்துக்கும் வருடாவருடம் ஸகாத் கொடுக்க வேண்டும். அது ஏழைகளுக்குப் போகிறது, நல்லதுதான். ஆனாலும் மகள் பெரியவளாகும்போது சேலைகளுக்கு நடுவில் பூச்சி உருண்டை மட்டும்தான் மிஞ்சும் என்று தோன்றியது.

வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் வந்து குவியத் தொடங்கியிருந்த காலம் அது. ஊருக்குள் ஒரு நிதிக் கம்பனியும் வந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர் வீடு தேடி வந்து, வட்டி மாதாமாதம் கைக்கே வரும் என்றார். வட்டி எங்களுக்கு ஆகாது என்றேன்.

"அதுக்கென்ன, லாபம் என்று எழுதித் தருவோம்," என்றார் அவர். முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை.

"கம்பனிக்கு நட்டம் வந்தால்?"

"கம்பனிக்கு நட்டம் வராது."

அந்தப் பதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் கடைக்காரரின் மகள். நட்டமே வராத வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காததை நம்புவதற்கு எனக்கு அல்லாஹ்வின் மார்க்கம் இருக்கிறது. கம்பனி வேண்டாம்.

அடுத்து வந்தது என் கணவரின் நண்பர். தோட்டச் சந்தி ஒன்றில் கட்டடம் கட்டப் போகிறார், நானும் பங்கு போடலாம், நல்ல வாடகை வரும் என்றார். இடத்தைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஆரு வாடகைக்கு எடுக்கிற?" என்று கேட்டேன்.

"தவறணைக்காரர்."

கட்டடம்தானே கொடுக்கிறோம், சாராயமா கொடுக்கிறோம் என்பது நண்பரின் வாதம். வாதத்தில் பிழை கண்டுபிடிக்க எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் அந்தக் கட்டடத்தின் வாசல், தோட்டத்திலிருந்து சம்பளத்தோடு இறங்கி வருகிற பாதையைப் பார்த்தபடி இருக்கும் என்றார் என் கணவர். மகளுக்குப் பால்மா கரைக்கும்போதெல்லாம் அந்த வாசல் என் கண்ணில் வந்து நின்றது. எந்த வீட்டு உலையில் அரிசி குறைந்து இந்தப் பால்மா வருகிறது என்று யோசித்தேன். மாட்டேன் என்று சொன்னேன். என் கணவருக்குப் பெரிய நிம்மதி. நண்பரிடம் போய், "வீட்டில விருப்பமில்ல, எனத்த செய்ற," என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் ஒரு மனைவி இருப்பதன் பயன்களில் அதுவும் ஒன்று.

கோவா வாசனை

வாப்பாவுக்கு வெலிமடைப் பக்கம் மரக்கறி பயிரிடுகிற ஒருவரோடு கூட்டு இருந்தது. விதையும் உரமும் வாப்பா, நிலமும் பாடும் அவர். லாபம் வந்தால் ஆளுக்குப் பாதி.

ஒரு போகத்தில் கோவா என்கிற முட்டைக்கோஸின் விலை விழுந்துவிட்டது. லொறிக் கூலிக்கும் காணாது. அந்த மனிதர் லொறி பிடித்து மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுக்கே கோவாவை இறக்கி, இதுதான் உங்கள் பங்கு என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் கோவாச் சுண்டல், கோவா ரொட்டி, கோவாச் சொதி. உம்மா இனிப்பு வட்டிலாப்பத்தில் மட்டும்தான் அதைப் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் இடத்தை மாற்றிக்கொண்டாள். நட்டத்துக்கு ஒரு வாசனை உண்டு என்பதை நான் அப்படித்தான் அறிந்தேன்.

அடுத்த போகத்துக்கும் வாப்பா அவரோடுதான் சேர்ந்தார். உம்மாவுக்குக் கோபம். "கோவா போதாதா உங்களுக்கு?"

"அழுகினத அவரு மூட்டைக்கு அடியில வெக்கல்லயே," என்றார் வாப்பா.

நான் கம்பனி இளைஞரிடம் கேட்ட கேள்வி அந்தக் கோவா மூட்டைக்குள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டில்

மாரியாயி அக்காவைப் பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வார்டில் சந்தித்தேன். எனக்கு முதல் பிள்ளை. பக்கத்துக் கட்டிலில் அவருக்கு மூன்றாவது. நான் இரவும் பகலும் மகளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, புள்ள மூச்சு விடும்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நீங்க விடுங்க."

அதற்குப் பிறகு கடைக்குத் துணி எடுக்க வரும்போதெல்லாம் வீட்டுக்கும் வருவார். ஒருநாள், அவருடைய தோட்டத்தில் ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போகிறது, ஒரு பசுவை விற்கிறார்கள், நல்ல மாடு என்றார். அவரிடம் பட்டி இருந்தது, புல்லறுக்கக் கை இருந்தது, பணம் இல்லை. என்னிடம் பணம் இருந்தது. பதுளை கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் ஆட்டுக்குட்டி கட்டவும் இடம் இல்லை.

அந்தப் பணம் போய்ச் செய்யப்போகிற வேலையை நினைத்துப் பார்த்தேன். புல் தின்னும், பால் கறக்கும், ஒரு லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் பால் கிடைக்கும். யாரிடமும் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. சரி என்றேன்.

மாட்டின் பெயர் பவுனு. ஒரு காதில் துண்டு போயிருந்தது. கண் இரண்டும் கல்யாணப் பெண் கண்.

பேச்சை நான் தெளிவாகவே பேசினேன். பவுனு என்னுடையது. வளர்ப்பு அவருடையது. புண்ணாக்குச் செலவு போக, பால் காசில் ஆளுக்குப் பாதி. கன்றிலும் பாதி. அவர் கவனக்குறைவு இல்லாமல் மாடு செத்துப்போனால் நட்டம் என்னுடையது. இதை நான் திரும்பத் திரும்பச் சொன்னதில் அவர் பாடம் மாதிரி ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார்: "கறந்தா ரெண்டு பக்கம், செத்தா உங்க பக்கம். போதுங்களா தங்கச்சி?"

போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மலைச்சரிவில் ஒரு கிளை

மாதாமாதம் சம்பளத்துக்கு மறுநாள் மாரியாயி அக்கா என் பங்கைக் கொண்டுவந்தார். மகளின் பெயரைச் சொல்லி அலமாரியில் வைத்தேன். எல்லாம் நன்றாகப் போனது. எனக்கு எப்போதும் அப்போதுதான் பயம் வரும்.

அவருடைய பாலை வாங்குகிற தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருநாள் எங்கள் கடைக்குச் சாரம் எடுக்க வந்தார். பேச்சோடு பேச்சாக, பவுனு சினையாக இருக்கிறது, பால் மறந்து, கறவை நின்று இரண்டு மாதமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் மத்தியானம் சாப்பிட வந்தபோது அதைச் சொன்னார்.

"பால் மறந்தா? போன மாசமும் அக்கா சல்லி குடுத்தாவே," என்றேன்.

"எவ்வளவு?"

"எப்பவும் குடுக்கிறதுதான்."

பால் இல்லை, பால் காசு மட்டும் வருகிறது. அப்படியென்றால் அது அவர் கொழுந்து பறித்த சம்பளம். மாட்டுக்கு என்ன ஆனாலும் எனக்கு மாதம் தவறாமல் ஒரே தொகை. வட்டி என்பது வேறென்ன? கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் அவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லை. நானே நமுனுகுல மலையில் ஒரு கிளை திறந்து வைத்திருந்தேன்.

கணவரைப் பள்ளிவாசல் மௌலவியிடம் அனுப்பினேன். என் கேள்விகளோடு இவர் வருவதைக் கண்டாலே அவர் நழுவிப்போகச் செருப்பைத் தேடுவாராம். அன்று சிரித்துவிட்டு ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பினார்: "பால் இல்லாம பால் சல்லி வருதெண்டா, நீங்க கட்டியிருக்கிறது மாடு இல்ல, பேங்க்."

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். மாமி கொடுத்த தேத்தண்ணியோடு மாரியாயி அக்கா படியில் உட்கார்ந்ததும், என்னால் முடிந்த அளவு தெளிவாக விளக்கினேன்.

"பால் இல்லாத மாசம் எனக்குப் பங்கு இல்ல அக்கா. உங்கட சம்பளத்திலேர்ந்து நீங்க தந்தா, அது வட்டி."

கோப்பை பாதியில் நின்றது. "வட்டியா? நான் உங்ககிட்ட வட்டிக்கா வாங்குனேன்?"

சம்பள நாளில் வட்டிக்காரர்கள் தோட்டத்து வாசலில் வந்து நிற்பார்கள். அந்தச் சொல்லை லயத்துப் பெண் ஒருவரின் முகத்துக்கு நேரே சொன்னால் எப்படி இருக்கும் என்பது, சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப கூட்டு வேணாங்கிறீங்க," என்றார்.

"கூட்டு வேணும். சல்லிதான் வாணாம்."

"காசு வாங்காம என்னாங்க கூட்டு, மொதலாளியம்மா."

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அன்றுவரை நான் தங்கச்சி. முந்தானை முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டு அவர் போனார்.

"நல்லா வெளக்கினீங்க மகள்," என்றார் மாமி.

பேறுகாலத்துக்குப் போன மாடு

அடுத்த சம்பளத்துக்கு அவர் வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைவீதியில் குர்பான் கொடுத்து அறுக்க யார் யார் சேர்ந்து மாடு வாங்குவது என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது மாரியாயி அக்காவோடு சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றவே இல்லை. வருடாவருடம் கேட்கிற பேச்சுத்தானே.

ஒரு ஞாயிறு மகளைத் தூக்கிக்கொண்டு பசறை வழியாகப் பஸ் ஏறினேன். சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவில் போகிற குறுக்குப் பாதையில் ஏறினேன். முதல் நாள் மழையில் பாதை வழுக்கியது. மகள் என் முக்காட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுப்பட்டி வெறுமையாகக் கிடந்தது. கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. கயிறும் இல்லை. பவுனு செத்துவிட்டது, எனக்குச் சொல்ல மனம் வராமல் இருக்கிறார் என்று நினைத்தேன். நட்டம் என் பக்கம். பரவாயில்லை என்று மனதுக்குள் பலமுறை சொல்லிக்கொண்டேன்.

மாரியாயி அக்கா மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் பானை கழுவிக்கொண்டிருந்தார்.

"பவுனு எங்க அக்கா?"

"நாத்தனா வீட்டுக்குப் போயிருக்குங்க. மலைக்கு மேல, மேக்கணக்குல."

"மாடா?"

"ஆமாங்க. பேறுகாலத்துக்கு."

அடுத்த வீட்டுக் காம்பராவில் ஒரு பெண் சிரிப்பது கேட்டது. பிறகு அவர் கதவிடுக்கால் தலையை நீட்டினார். "பெருநாள் முடிஞ்சதும் வந்துருமுங்க."

"எந்தப் பெருநாள்?"

"உங்க பெருநாள்தாங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பவுனுவை ஒளித்து வைத்திருக்கிறார்கள். என்னிடமிருந்து.

அந்த நேரத்தில் ஒரு நல்ல மனுஷி என்ன சொல்லியிருப்பாள் என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். 'ஐயோ அக்கா, நான் அப்படிச் செய்வேனா' என்று சொல்லியிருப்பாள். நான் படித்தவள். ஆகவே விளக்கம் சொன்னேன்.

"அக்கா, சினை மாடு குர்பானுக்கு ஆகாது. மத்தது, பவுனுவுக்குக் காதில ஒரு துண்டு இல்ல. அதுவும் ஆகாது."

மாரியாயி அக்கா பானையிலிருந்து நிமிர்ந்தார். "அதெல்லாம் பாத்து வச்சிருக்கீங்க."

கதவிடுக்குத் தலை உள்ளே போய்விட்டது.

"நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் மாரியாயி அக்கா. கத்தவில்லை. கழுவிய பானையையே மறுபடி கழுவினார். "பால் மறந்ததும் என் கைக்காசக் குடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டீங்க. காசு வேணாங்கிறவங்க, அடுத்து மாட்டத்தானே கேப்பீங்க? பால் இல்லாத மாட்டக் கடவீதிக்காரங்க எங்க ஓட்டிக்கிட்டுப் போவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

கறந்தால் என்ன, செத்தால் என்ன என்பதெல்லாம் நான் பேசி வைத்திருந்தேன். கறவையும் நின்று உயிரும் இருந்தால் என்ன என்பதைப் பேசவில்லை. என் வீட்டில் அது ஒரு கேள்வியே இல்லை. அவர் வீட்டில் அது ஒன்றுதான் கேள்வி. பவுனுவின் உயிருக்காக மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்த காசை எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதற்கு வட்டி என்று பெயர் வைத்தேன்.

"நான் பவுனுவை அறுக்கக் குடுக்க மாட்டேன் அக்கா."

"இப்ப சொல்றீங்க. நாளைக்கு வீட்டுல ஒரு கஷ்டம்னா? மாடு உங்க மாடுதானே."

மாடு என்னுடையது என்று நான்தான் தெளிவாகப் பேசியிருந்தேன்.

ஒரு கேலி

கதவிடுக்குப் பெண் மறுபடி தலையை நீட்டினார். "அம்புட்டுப் பயமா இருந்தா நீயே வாங்கிக்க மாரியாயி. மொத்தமா முடியாட்டி காலு காலா வாங்கு. இப்ப ஒரு காலு, தீவாளிக்கு ஒரு காலு."

லயம் முழுக்கச் சிரித்தது. மாரியாயி அக்காவும் சிரித்துவிட்டார், அழுகையைத் துடைக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நான் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மகள் என் மடியில் வாந்தி எடுத்ததைக்கூடப் பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார்.

மறுநாள் என் கணவரை மறுபடி பள்ளிவாசலுக்கு அனுப்பினேன். இம்முறை மௌலவி செருப்பைத் தேடவில்லையாம். மாட்டைக் கொடுத்துப் பாலில் பாதி என்று நாங்கள் முதலில் பேசியதே தனக்கு முழுத் திருப்தியில்லை, அதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்றார். இரண்டு பேருமே மாட்டுக்குச் சொந்தக்காரராகிவிட்டால், பாலும் நட்டமும் அவரவர் பங்கின்படி போகும், பிரச்சினை இல்லை. ஒவ்வொரு பங்கையும் அன்றைய சந்தை விலைக்கு, இருவரும் மனம் ஒத்து விற்று வாங்க வேண்டும், யாரும் யாரையும் நெருக்கக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "எந்தக் கால் மொதல்ல?" என்று கேட்டாராம்.

பெருநாள் முடிந்து பவுனு நாத்தனார் வீட்டிலிருந்து கிடாரிக் கன்றோடு இறங்கி வந்தது. நானும் மலையேறிப் போய், பவுனுவைக் கால் காலாக அவருக்கே விற்பதாகப் பேசினேன். புதுப் பேச்சில் முதல் வாக்கியமாக, ஒருவர் சொல்லில்லாமல் மற்றவர் பவுனுவை விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று வைத்தேன். ஒரு குளம்பு அவருக்குச் சொந்தமானாலும் போதும், அவர் சொல்லாமல் மாடு அசையாது. புல்லறுக்கிற கூலி முதலில் அவருக்கு, மிச்சம் பங்கின்படி. கன்று மட்டும் பழைய பேச்சின்படி ஆளுக்குப் பாதி.

அடுத்த சம்பளத்துக்கு அவர் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து முடிச்சை அவிழ்த்தார். அதே மாதிரி நோட்டுகள், கொழுந்தும் மாடும் கலந்த அதே வாசனை. நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

"முன்ன ஆகாது, இப்ப ஆகுங்களா?"

"முன்ன நான் உங்களுக்கு ஒண்டும் தரல்ல. இப்ப காலில கொஞ்சம் தாறேன்."

"பெரிய வெவரமான ஆளுதாங்க நீங்க," என்றார். அது பாராட்டா என்று நான் கேட்கவில்லை. தங்கச்சி என்று கூப்பிடவும் இல்லை, மொதலாளியம்மா என்றும் இல்லை. வெறும் 'நீங்க'வில் சில மாதங்கள் ஓடின.

உதைக்கிற கால்

முன்னங்கால் இரண்டையும் அவர் முதலில் வாங்கினார். பின்னங்கால்களை ஏன் எனக்கு விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. பவுனு உதைக்கிற மாடு. அதுவும் இடது பின்னங்காலால்.

ஒருநாள் மாரியாயி அக்கா வழக்கத்தைவிடக் குறைந்த காசோடு வந்தார். "நேத்துப் பால் முழுக்கக் கீழ போச்சுங்க. உங்க காலு ஒதச்சிருச்சு."

"எங்கட காலா?"

"இடது பின்னங்காலு. அது உங்களுதுதானே தங்கச்சி."

தங்கச்சி என்று வந்துவிட்டது. பால் கொட்டியதைக்கூட நான் மறந்துவிட்டேன். மாமி விடவில்லை. "கால் ஸித்திடதுதான். அதுக்குப் புல்லுப் போட்டு பலம் குடுத்தது ஆரு? பலம் இல்லாட்டி உதைக்குமா?" மூன்று பேரும் வாதாடிக்கொண்டிருக்க, என் கணவர் வந்து, இதை மௌலவியிடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். இந்த மாட்டைப் பற்றி இனி ஒரு கேள்வியும் எடுக்க மாட்டேன், நட்டம் பங்கின்படி, உதை மட்டும் கறந்தவருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

இதற்கிடையில் தவறணைக் கட்டடம் எழும்பி, பச்சை நிறம் பூசி, நன்றாக நடக்கிறது. கணவரின் நண்பர் ஒரு வான் வாங்கியிருக்கிறார். அந்த வான் எங்கள் தெருவில் போகும்போது இவர் அதைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நிதிக் கம்பனி வருடாவருடம் நாட்காட்டி அனுப்புகிறது. படம் நன்றாக இருக்கிறது என்று மாமி அதைக் குசினியில் தொங்கவிட்டு, கம்பனியின் பெயரை மறைத்து மகளின் தடுப்பூசி அட்டையைச் செருகி வைத்திருக்கிறார்.

அது இருக்கட்டும்

போன மாதம் மாரியாயி அக்கா வந்தார். வலது பின்னங்காலும் அவருடையதாகிவிட்டது. ஒரு கால்தான் மிச்சம். நான் தொதல் வெட்டி வைத்திருந்தேன். பவுனுவுக்கு வயதாகிவிட்டது, விலை இறங்கியிருக்கிறது, அந்தக் கால் வேறு உதைக்கிற கால், ஆகவே நல்ல விலைக்கு முடித்துவிடலாம் என்று சொன்னேன்.

அவர் தொதலை மென்றுகொண்டே இருந்தார். "அது இருக்கட்டுங்க."

"எனத்துக்கு? அதையும் வாங்கினா பவுனு முழுசா உங்களுக்கு. ஆரும் வந்து கேக்க ஏலா."

"இப்ப மட்டும் யாரு வந்து கேக்கறாங்க?"

"அப்ப ஏன் வாணாம்?"

"முழுசா வாங்கிட்டா நட்டமும் முழுசா எனக்குத்தானே தங்கச்சி," என்றார் மாரியாயி அக்கா. "லாபத்துக்குன்னா ஆள் வரும். நட்டத்துல பங்கு எடுக்கற ஆள நான் எந்தத் தோட்டத்துல போயித் தேடுவேன்? அது உங்க பேருலயே இருக்கட்டும்."

மாமி கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு யோசிக்கத் தொடங்கினேன்.

பவுனு இனிக் கன்று போடுமா என்பது சந்தேகம் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். பால் நின்றுவிடும், புல்லும் புண்ணாக்கும் நிற்காது. இரண்டு பேரின் சொல்லும் இல்லாமல் பவுனுவை விற்க முடியாது, விற்கச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வராது. ஆக, என் காலுக்குரிய தீனிச் செலவை நான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பதிலுக்கு ஒன்றும் வராது. "அது இனி யாவாரம் இல்ல ஸித்தி, அது குடும்பம்," என்கிறார் என் கணவர். கேலிதான். ஆனால் அந்தப் பணம் என் மகளுக்கென்று வைத்தது. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அவளுடைய பணத்தை ஒரு கிழமாட்டின் தீனிக்குக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா? கொடுக்காமல் விலகினால், பால் இருந்தவரைக்கும் கூட்டு, பால் நின்றதும் தனி என்று, மாரியாயி அக்கா முதலில் பயந்தது சரியாகிவிடாதா?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். மாடு வளர்த்தவர்கள், கூட்டு வியாபாரம் செய்து நட்டப்பட்டவர்கள், மார்க்கச் சட்டம் தெரிந்தவர்கள், தோட்டங்களில் இருக்கிற அக்காமார், யாராக இருந்தாலும் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். இந்த நாலாவது காலை நான் வைத்திருக்க வேண்டுமா, வற்புறுத்தியாவது விற்றுவிட வேண்டுமா? விற்றுவிடு என்று எழுதுகிறவர்கள், அதை மாரியாயி அக்காவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்பதையும் தயவுசெய்து சேர்த்தே எழுதுங்கள்.